பதினான்காம் அறைக்கு மட்டும் ஒரு சீட்டு

நான் கோபக்காரன் இல்லை. இதை என் மனைவியே ஒப்புக்கொள்வாள். மென்பொருள் எழுதும் என் தொழிலில் கோபப்படுவதற்கென்றே தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. தப்பாக ஒரு வரி எழுதினால் அதன் அடியில் சிவப்புக் கோடு போட்டு, இதைத் திருத்தாமல் ஓர் அடி நகரவிடமாட்டேன் என்று, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் அடம்பிடிக்கும். பதினொரு வருடமாக எனக்குப் பதில் அதுதான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது பொறுமை மட்டும். அந்தப் பொறுமையோடுதான் இதை உங்கள் விசாரணைக் குழுவுக்கு எழுதித் தருகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் குழு கூடுகிறது. முதியோர் இல்லத்தின் மூத்த நர்ஸ் இனிமேல் நர்ஸாக வேலை பார்க்கலாமா கூடாதா என்று அன்றைக்கு முடிவாகும். இருபத்திரண்டு வருட சர்வீஸ். நாங்கள் எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் அம்மா தன் அறையில் விழுந்து கிடந்து முப்பத்தொன்பது நிமிடம் கூப்பிட்டும் சிஸ்டர் போய்ப் பார்க்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நர்ஸ் அறைப் பலகையில் அழைப்பு விளக்கு எரியவே இல்லை என்று அவர் மூன்று முறை சொல்லியிருக்கிறார், நீங்களும் மூன்று முறை எழுதிக்கொண்டீர்கள். அவர் சொல்வது உண்மை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று விளக்கக் கொஞ்சம் தொழில் விஷயம் பேச வேண்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். சுருக்கமாகச் சொல்ல வராது என்று வீட்டிலும் ஆபீஸிலும் எனக்கு நல்ல பெயர் இருக்கிறது.

ஒவ்வோர் அறையிலும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டேப்லெட் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரையில் இரண்டு பெரிய சதுரங்கள். மேலே இருப்பது 'நர்ஸ்', கீழே இருப்பது 'வீடு'. மேலே தொட்டால் நர்ஸ்கள் உட்காரும் அறையில் உள்ள பலகையில் அந்த அறை எண்ணுக்கு விளக்கு எரியும். கீழே தொட்டால் மகனோ மகளோ, யார் எண் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அவர் போனுக்குச் செய்தி போகும். அவர் திருப்பிக் கூப்பிட்டுப் பேசுவார். செய்தி போனதும் திரையில் பச்சைக் குறி வந்து 'சேர்ந்தது' என்று காட்டும். அந்தத் திரையில் நடப்பது எல்லாம் நான் எழுதியது.

கண்ணுக்குத் தெரியாத விதி ஒன்றும் உண்டு. அது சிஸ்டர் கேட்டு வாங்கியது. வேலை தொடங்கிய புதிதில் எங்களை உட்காரவைத்து, எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"வலி வந்தாகூட இவங்க முதல்ல பிள்ளைங்களைத்தான் கூப்பிடுவாங்க தம்பி. பக்கத்துலயே நிக்கிற நாங்க கண்ணுக்குத் தெரிய மாட்டோம். அதனால வீடு பட்டனை யாராவது விடாம அமுக்கினா, அது எங்களுக்கும் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க."

நியாயமான பேச்சு. அப்படியே செய்தோம். ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை 'வீடு' தொடப்பட்டால், இல்லத்தின் மையக் கணினி, அதாவது சர்வர், அதைக் கவனித்து நர்ஸ் பலகையிலும் விளக்கைப் போட்டுவிடும். அந்தக் கூட்டத்தில் குறிப்பு எடுத்தது நான்தான். என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

இனி சீட்டு விஷயம். சதுரத்தைத் தொட்டதும் டேப்லெட்டிலிருந்து சர்வருக்கு ஒரு கோரிக்கை கிளம்புகிறது. கிளம்பும் ஒவ்வொன்றும் வாசலில் நிற்கும் ஒரு காவலாளியைத் தாண்டித்தான் போக வேண்டும். காவலாளி என்றால் ஆள் இல்லை, நான் எழுதிய நூற்றிருபது வரிகள். இந்தக் கோரிக்கையை எப்படி நடத்த வேண்டும் என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுவோம். நெட்வொர்க் இல்லாவிட்டால் மறுபடி முயற்சி செய், தோற்றுப்போனால் திரையில் எதையாவது காட்டிப் பெரியவரைப் பயமுறுத்தாதே, இப்படி. காவலாளி படித்துவிட்டு அதன்படி நடந்துகொண்டு, சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவான். அது வாசலைத் தாண்டாது. அப்படி ஒரு சீட்டு இருந்ததே சர்வருக்குத் தெரியாது. சர்வரின் பதிவேட்டைப் படித்த உங்கள் குழுவுக்கும் தெரிய வாய்ப்பில்லை.

முன்பெல்லாம் சீட்டில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். என் பக்கத்து நாற்காலிச் சகாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவன் ஓரிடத்தில் 'மறுபடி' என்று எழுதுவான், இன்னோரிடத்தில் 'திரும்ப' என்பான், பசி நேரத்தில் 'ஆமாம்' என்று மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போவான். காவலாளி பாவம், ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவான். ஒரு மத்தியானம் சர்வர் திணறியபோது ஒன்பதாம் அறைப் பெரியவர் திரையில் சிவப்பாக ஐந்நூற்று மூன்று என்ற பிழை எண் வந்தது. அவர் அதைத் தன் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்து, மகளைக் கூப்பிட்டு வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் நான் வகை கட்டிய சீட்டைச் செய்தேன். இன்ன பெயருள்ள சீட்டில் இன்னின்ன வார்த்தைதான் எழுதலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது. வேறு எதை எழுதினாலும் கம்பைலர் சிவப்புக் கோடு போடும், செயலி உருவாகவே உருவாகாது. சீட்டே ஒட்டாத கோரிக்கைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'எப்போது' என்று ஒரு சீட்டு செய்தேன். அதில் எழுதக்கூடியது 'உடனே' அல்லது 'பிறகு', இரண்டே இரண்டு. எதுவும் ஒட்டாவிட்டால் 'உடனே'. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் ஏற்பாட்டில் தாமதம் தானாக நடக்காது. யாராவது வேலை மெனக்கெட்டு எழுதினால்தான் நடக்கும்.

'பிறகு' என்பது நல்ல காரியத்துக்காக வந்தது. பெரியவர்கள் எந்தச் சதுரத்தை எத்தனை தடவை தொடுகிறார்கள் என்ற புள்ளிவிவரமும் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது உடனே போய் என்ன ஆகப்போகிறது? காவலாளி அவற்றை டேப்லெட்டிலேயே பிடித்துவைத்து, மாலை ஆறு மணிக்கு ஒரே கட்டாக அனுப்பிவிடுவான். ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை மணிக்குத் தொடப்பட்டதோ அந்த நேரமும் கூடவே போகும். நேரம் பிசகக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். இதைப் பற்றி ஆபீஸில் நாற்பது நிமிடம் படம் போட்டு விளக்கினேன். முடிந்ததும் இருவர் கைதட்டினார்கள். ஒருவர் அப்போதுதான் விழித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த நாற்பது நிமிடத்தையும் மறுபடி சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், பாதியில் இஸ்திரி போடவும் ஆரம்பித்தாள். மொத்தத்தில் அது என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான வாரம் என்று சொல்லலாம்.

அம்மா இல்லத்துக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். பதினான்காம் அறை, ஜன்னல் பக்கம். செயலி எழுதியவரின் அம்மா என்று நல்ல அறையாகப் பார்த்துச் சிஸ்டர்தான் ஒதுக்கிக் கொடுத்தார். முதல் நாள் அம்மா 'வீடு' சதுரத்தை ஐம்பத்து மூன்று தடவை தொட்டார். எண்ணிக்கை எனக்குத் தெரியும், எண்ணுகிற வேலையே என்னுடையதுதானே. சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு தடவை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் துணி கிடக்கிறதா என்று கேட்க ஒரு தடவை. டிவியில் ஒருத்தன் உன்னை மாதிரியே இருக்கிறான், ஆனால் அவனுக்கு முடி இருக்கிறது என்று சொல்ல ஒரு தடவை.

அம்மா முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காதில் மாட்டிக்கொண்டு ஊரில் எல்லாரையும் எல்லாரோடும் பேசவைத்தவர். வீட்டில் எங்களோடு பேச நேரம் இருந்ததில்லை, அந்தப் பாக்கியை இப்போது தீர்க்கிறார் என்று நானே ஆபீஸில் ஜோக் அடிப்பேன். கூட்டத்தில் எழுந்து பேசும்போது பாக்கெட்டில் போன் நடுங்கும். ஒரு நாள் பொறுமையாகவே சொன்னேன்.

"அம்மா, ஆபீஸ் நேரத்துல அதை அமுக்காதேம்மா."

"அமுக்கலேன்னா உடம்பு சரியில்லையோன்னு நீ பயந்துடுவியேன்னுதான்டா அமுக்கறேன்."

"நான் பயப்பட மாட்டேன். வேலையா இருப்பேன்ல."

"வேலையா இருந்தா எங்கேஜ்டுன்னு காட்டச் சொல்லு. எனக்கென்ன கோபமா வரப்போகுது? ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு எங்கேஜ்டு சொன்னவ நான். லைன் கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு சொல்லிடணும். அவ்வளவுதான்."

அதைச் செய்திருக்கலாம். செய்ய நான்கு நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். புதுத் திரை வரைய வேண்டும், புது வாசகம் எழுத வேண்டும், சிஸ்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் பதினான்காம் அறையிலிருந்து 'வீடு' கிளம்பினால் 'பிறகு' சீட்டை ஒட்டு என்று எழுத ஒரே ஒரு வரி போதும். பச்சைக் குறி ஏற்கெனவே தயாராக இருந்தது. கோரிக்கை வாசலில் நின்றாலும் திரையில் 'சேர்ந்தது' என்று காட்டிவிடும். அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது, காவலாளி வரைக்கும் சேர்ந்திருக்கிறதல்லவா? இப்படி யோசித்தபோது எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நான் சோம்பேறி என்பதை மனைவி பல வருடமாகச் சொல்லிவருகிறாள், ஆதாரத்தோடு ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

எங்களிடம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்னால்தான் அது வெளியே போகும். படிக்க வேண்டியவன் அவசரம். அவன் பார்த்தான். சிவப்புக் கோடு எதுவும் இல்லை. 'பிறகு' என்பது அனுமதிக்கப்பட்ட வார்த்தை. "சூப்பர்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். சீட்டில் எழுதியது சரியான வகையா என்று கம்பைலர் பார்க்கும். அம்மாவிடம் இப்படிச் செய்யலாமா என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், நான்தான் அந்த வகுப்பில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

பலன் நன்றாக இருந்தது. பகலெல்லாம் போன் அமைதி. ஆறு மணிக்கு ஒரே ஒரு நடுக்கம்: 'அம்மா நாற்பது முறை அழைத்தார்'. நான் கூப்பிட்டுப் பேசுவேன். "பகல்ல பண்ணினேன்டா, பச்சை வந்துச்சு, நீதான் பேசல" என்பார். மீட்டிங் என்பேன். ஒரு மாதத்தில் நாற்பது இருபதானது, அப்புறம் ஒன்பது. கோடு அழகாகக் கீழே இறங்கியது. அதை மனைவியிடம் காட்டினேன்.

"பார், அம்மாவுக்கு அந்த இடம் பழகிடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழகிட்டாங்களா, இல்ல விட்டுட்டாங்களாங்க?"

கோட்டை வைத்து அப்படியெல்லாம் முடிவுக்கு வரக் கூடாது என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

அடுத்து ஒன்பதாம் அறைப் பெரியவரின் மகள் வந்தார். உங்கள் அம்மா மட்டும் எப்படிப் பகலில் கூப்பிடுவதே இல்லை என்று வராந்தாவில் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு ரகசியம் காக்க வரும், பாராட்டு கிடைக்கும் என்று தெரிந்தால் மட்டும் வராது. சொல்லிவிட்டேன். அவர் தன் தோழியிடம் சொன்னார். ஒவ்வொருவராக வந்து தணிந்த குரலில் கேட்டார்கள். நானும் ஒவ்வோர் எண்ணாகச் சேர்த்தேன். கடைசியில் இருபத்தொரு அறைகள். அந்தப் பட்டியலுக்கும் வகை கட்டினேன். ஒன்றிலிருந்து நாற்பது வரைதான் எண் இருக்கலாம். நாற்பத்தொன்றாம் அறையில் இல்லாத ஒரு பெரியவரைத் தவறிப்போய் ஏமாற்றிவிட முடியாது, அவ்வளவு பாதுகாப்பு. இருபத்தொரு பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. சிஸ்டரின் மூன்று தடவை விதி இந்த இருபத்தொரு அறைகளுக்கும் இனி வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். சர்வருக்கு வந்து சேராததைச் சர்வர் எண்ண முடியாது, மாலைக் கட்டில் வருவதற்கு நேரம் கடந்துவிட்டதால் விளக்கு எரியாது. தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் பார்த்து அம்மாவும் அங்கேயே விழுந்தார். இடுப்பு எழும்பவில்லை. கை நீட்டினால் டேப்லெட்டின் கீழ்ச் சதுரம் எட்டியது, மேல் சதுரம் எட்டவில்லை. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முதல் தடவை, பத்து ஐம்பத்தொன்றுக்குக் கடைசித் தடவை, மொத்தம் பதினேழு. அன்றைக்கு இன்னொரு நர்ஸ் லீவு. முப்பத்தொன்றாம் அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், சிஸ்டர் அங்கே ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை ஓடிவந்து பலகையைப் பார்த்திருக்கிறார். பலகையில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு போனவரும் அவர்தான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். சிஸ்டர் ஆம்புலன்ஸில் கூடவே வந்து, வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சீருடையில் சாம்பார் கறை இருந்தது, தட்டு கையிலிருந்து நழுவியிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மணிக்கு என் போன் நடுங்கியது. 'அம்மா பதினேழு முறை அழைத்தார்.'

"யாரு தம்பி?" என்றார் சிஸ்டர்.

"ஆபீஸ்," என்றேன்.

"இந்த நேரத்துலயுமா? கொஞ்சம் அணைச்சு வைங்க."

அணைக்கவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பட்டியலிலிருந்து பதினான்கை எடுத்தேன். 'சிறு திருத்தம்' என்று தலைப்பு எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவசரம் "சூப்பர்" என்று பதில் போட்டான். மற்ற இருபது எண்களை எடுக்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த நிலைமையிலும் பிள்ளை வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற மாதிரி என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அம்மா ஆறு நாள் இருந்தார். மூன்றாம் நாள் நன்றாகப் பேசினார். கத்தியிருக்கலாமே அம்மா, பக்கத்து அறைப் பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்குமே என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. என் பங்கில் கொஞ்சத்தை அவர் பக்கம் தள்ளிவிடப் பார்த்தேனோ என்னவோ.

"எதுக்குக் கத்தணும்? பச்சை வந்துச்சே. லைன் கிடைச்சப்புறம் கத்தினா எங்க சூப்பர்வைசர் திட்டுவாங்க. நீ வண்டியில வந்துட்டிருப்பேன்னு நெனச்சேன். எங்க வந்துட்டேன்னு கேக்கத்தான் திரும்பத் திரும்ப அமுக்கினேன். ரொம்ப ட்ராஃபிக்காடா?"

"ஆமாம்மா," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அதைச் சிஸ்டரை முறைத்துப் பார்த்தபடிதான் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை.

பிறகு உங்கள் விசாரணை. சர்வரின் பதிவேட்டில் பத்து பன்னிரண்டிலிருந்து பத்து ஐம்பத்தொன்று வரை பதினேழு அழைப்புகள், நிமிடம் பிசகாமல். அவை ஆறு மணிக்குத்தான் வந்து சேர்ந்தன என்பதற்கு அடையாளமே இல்லை. சீட்டு வாசலோடு போய்விட்டது, நேரம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை என்ற விதிப்படி விளக்கு எரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவுக்கு வந்தீர்கள். அந்தப் பதிவேட்டை வைத்து யார் பார்த்தாலும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். தொழில்நுட்பக் கருத்து வேண்டும் என்று என்னிடமே கேட்டீர்கள். இறந்தவரின் மகன் என்பதால் நான் நேர்மையாக இருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பதினேழும் உங்கள் போனுக்கு வரவில்லையா என்று துக்கத்தில் இருக்கும் மகனிடம் கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சதுரம் தொடப்பட்டது, பதிவாகியிருக்கிறது. திரை 'சேர்ந்தது' என்று காட்டியது. மூன்று முறை அழைப்பு வந்தால் பலகையில் விளக்கு எரியும். ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை, மறுபடி எடுத்துப் பாருங்கள். விசாரணை முடியும் வரை செயலியில் எதையும் மாற்றக் கூடாது என்று நீங்கள் எழுத்து மூலம் சொன்னீர்கள். மற்ற இருபது அறைகளிலும் இன்றைக்கும் 'பிறகு' ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் உத்தரவை நான் மீறவில்லை.

அம்மா போய் இதுவரை பதினொரு வாரம். போன ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி காபி கொடுத்தாள். அவர் தொடவில்லை.

"தம்பி, ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். மெஷின்தானே, சில நேரம் விளக்கு எரியாம போகலாம்னு. எனக்கு வேற தொழில் தெரியாது தம்பி."

"அது அப்படித் தப்பு பண்ணாது சிஸ்டர்," என்றேன். எனக்கு உண்மையிலேயே சுருக்கென்றது. என் வேலையைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் தாங்காது.

"அப்போ நான்தான் பார்க்காம விட்டுட்டேனா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. எரிஞ்சுதோ, நான்தான் பார்க்கலையோ. தினமும் அந்தப் பலகைதான் கண்ணுல நிக்குது."

நான் காபி ஆறுகிறது என்றேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். "அம்மா போன துக்கத்துல இருக்கற பிள்ளைகிட்ட வந்து இதைக் கேக்கறேன் பாருங்க. மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மனைவி கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒன்றுமே கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சிஸ்டர் மேல் ஒரு தவறும் இல்லை. அவர் கேட்ட விதியை நான் அவருக்குத் தெரியாமல் பிடுங்கினேன், அப்புறம் அதே விதியை வைத்து அவரை மாட்டிவிட்டேன். உங்கள் வரைவறிக்கையில் 'ஒருவேளை மென்பொருள் பிழையாகவும் இருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிழை எதுவும் இல்லை, எழுதியபடிதான் நடந்தது.

மேலே ஓரிடத்தில் ஆறு மணிக்குத்தான் எனக்குத் தெரியவந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். அதைத் திருத்துகிறேன். எந்த அறையில் எத்தனை கோரிக்கை வாசலில் காத்திருக்கிறது என்று டேப்லெட்டுகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எனக்கு மட்டும் சொல்லும். ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க என் மேசையில் தனித் திரையாக அதைத் திறந்து வைத்திருப்பேன். அன்று மாலை வராந்தாவில் அதையும் சேர்த்துத்தான் அழித்தேன். காலை பத்து இருபத்தைந்துக்கு அதில் ஆறு இருந்தது. பத்து நாற்பதுக்குப் பன்னிரண்டு. அம்மா மாதக்கணக்கில் பகல் முழுக்கவே ஒன்பதைத் தாண்டியதில்லை. நான் நாற்காலியைத் திருப்பி அவசரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, அரை மணியில பன்னெண்டு. ஒண்ணுகூட வெளிய கசியல."

"இவ்வளவு யாரு அமுக்கறது? ஏதாவது ஆச்சா என்னன்னு பாரேன்," என்றான் அவன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் நிதானமாக யோசித்துச் சொன்ன வார்த்தை அதுதான்.

"அது எப்பவும் அப்படித்தான்," என்றேன்.

பத்து ஐம்பத்தைந்துக்குப் பதினேழு. பதினொரு மணிக்கும் பதினேழு. பதினொன்று ஐந்துக்கும் அதே பதினேழு. ஓய்ந்துவிட்டது என்று நிம்மதியாகக் கீழே போய் டீ குடித்தேன்.

நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பதிவாக வேண்டும். கூப்பிடுவது அம்மா என்று தெரிந்திருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். திரையில் பதினான்கு என்றுதான் இருந்தது.